விருந்தினருக்கும் அறம் உண்டு

‘விருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். நம் வாசலுக்குப் புதிதாய் வருபவர் விருந்தினர். அவருக்கு இடப்படும் உணவுக்கு அப்பெயர் ஆகிவந்தது. இத்தகைய புதியவரை எம்முகத்தோடு வரவேற்பது, எதனை அவருக்கு முதலில் அளிப்பது என்றெல்லாம் நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் விருந்தோம்பலுக்கே உரியது. ஆனால் அப்பத்துக் குறள்களையும் ஒருசேர வாசித்தால் ஒன்று புலனாகும். அவை அனைத்தும் வீட்டுக்கு உரியவரை நோக்கியே பேசுகின்றன. வந்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே சொல்லப்படவில்லை. சொல்லாமலே விளங்கும் என வள்ளுவர் கருதியிருக்கலாம். அக்காலத்து விருந்தினர் நடந்து களைத்தவர், பசித்தவர், ஒருவேளைச் சோற்றுக்கும் ஓர் இரவுத் திண்ணைக்கும் பிறர் அன்பையே நம்பி வந்தவர். அவருக்குப் பணிவைக் கற்பிக்க வேண்டிய தேவை இருந்திராது.

இன்றைய விருந்தினரின் நிலை வேறு. பல மாதங்களுக்கு முன்பே விமானச் சீட்டும் விடுதி அறையும் அவருக்காகப் பதிவாகிவிடுகின்றன. பணமும் செலுத்தியாகிவிட்டது. இறங்கியதும் பெயர் எழுதிய அட்டையுடன் ஓட்டுநர் காத்திருப்பார். அறையில் வெண்ணிற விரிப்பின்மேல் மலர் வைக்கப்பட்டிருக்கும். யாருடைய இரக்கத்தையும் நம்பி அவர் வரவில்லை. எனவே யாருக்கும் அவர் கடன்பட்டவரும் அல்லர் என்று தோன்றுகிறது. உண்மை அதுதானா? விலை கொடுத்துத் தங்குபவர் விருந்தினரா, வெறும் வாடிக்கையாளரா? விலை கொடுத்துவிட்ட அளவில் விருந்தினருக்குரிய கடமைகள் தீர்ந்துவிடுகின்றனவா? இக்கேள்வியை நம் குடும்பங்களுக்குள் எழுப்பிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

ஏனெனில் நாமும் பயணிகளாகிவிட்டோம். ஒரு தலைமுறைக்கு முன் நம் பங்குகளில் குடும்பத்தோடு வெளியூர் செல்வது என்றால் வேளாங்கண்ணி; வசதி உள்ளோருக்குக் கோடைக்கானல். இன்று திருமண வெள்ளிவிழாவுக்கும் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கும் தாய்லாந்து, பாலி, மாலத்தீவு எனக் கடல் கடந்து செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. 2025 ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாடு இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 14 நாட்கள் வரை விசா இன்றித் தங்க வழிசெய்தது. அந்நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு நாம் சிந்திப்பது பொருத்தமாயிருக்கும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. தென்னையும் நெல்லும் மீனும் பருவமழையும் புயலும் நம் கரையோர மக்களுக்குப் போலவே அம்மக்களுக்கும் பழக்கமானவை. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கத்தோலிக்கர். வளைகுடா மருத்துவமனைகளிலும் சரக்குக் கப்பல்களிலும் நம் பிள்ளைகளோடு தோளோடு தோள் நின்று உழைப்போரில் அந்நாட்டவர் பலர். பிழைப்புக்காக வெளிநாடு செல்வதன் வேதனையை நம்மைப் போலவே அறிந்தவர்கள் அவர்கள். அத்தகையோரின் வீட்டுக்கு நாம் ஓய்வு தேடிச் செல்கிறோம்.

முதல் விருந்தினர்

அத்தீவுகளுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் விருந்தினரைப் பற்றி எழுத்துச் சான்று உண்டு. 1521-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மகெல்லனின் கப்பல்கள் அங்கே வந்து சேர்ந்தன. பசிபிக் பெருங்கடலைக் கடந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்தில் மாலுமிகள் புழுத்த ரொட்டித் தூளையும் மரத்தூளையும் எலிகளையும் தின்றே உயிர் பிழைத்திருந்தனர். மார்ச் 17 அன்று ஓமோன்ஹோன் என்னும் சிறு தீவில் அவர்கள் இறங்கினர். மறுநாள் அருகிலுள்ள தீவிலிருந்து சிலர் படகில் வந்தார்கள். மீனும் பனங்கள்ளும் வாழைப்பழமும் தேங்காயும் அளித்தார்கள். நான்கு நாட்களில் அரிசியோடு மீண்டும் வருவோம் என்று சைகையால் உணர்த்தினார்கள். சொன்னபடியே வந்தார்கள். இவற்றையெல்லாம் அப்பயணத்தில் உடனிருந்த அந்தோனியோ பிகாபெத்தா என்னும் இத்தாலியர் எழுதிவைத்தார். நோயுற்றுக் கிடந்த அந்நியருக்கு, அவர்கள் யார் எனத் தெரியாமலே, சோறு கொடுத்த மக்கள் அவர்கள்.

அடுத்து நடந்தவையும் அதே குறிப்பேட்டில் உள்ளன. மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழாவன்று லிமாசாவா தீவில் திருப்பலி நிறைவேறியது. ஏப்ரலில் செபு தீவின் மன்னரும் அரசியும் மக்கள் பலரும் திருமுழுக்குப் பெற்றனர். அரசிக்கு அளிக்கப்பட்ட குழந்தை இயேசுவின் திருவுருவம் இன்றும் செபு நகரப் பேராலயத்தில் வணங்கப்படுகிறது. அந்த விசுவாசத்தின் 500-ஆம் ஆண்டை அந்நாட்டுத் திருச்சபை 2021-இல் நன்றியோடு கொண்டாடியது. ஆனால் விசுவாசம் இறைவனின் கொடை. அதைக் கொண்டுவந்தவர்களின் நடத்தை வேறு. வயிறு நிரம்பி, உடல் தேறி, பீரங்கியின் முழக்கம் எழுப்பிய அச்சத்தையும் கண்டபின் அவர்கள் விருந்தினராய் இருப்பதை விட்டனர். செபு மன்னருக்கும் தமக்கும் பணிய மறுத்த ஒரு சிற்றூரைத் தீக்கிரையாக்கினர். மக்தான் தீவின் தலைவர் லாப்பு லாப்புவைப் பணியவைக்கச் சென்ற மகெல்லன் ஏப்ரல் 27 அன்று கடற்கரை ஆழமற்ற நீரில் கொல்லப்பட்டார். தேங்காயும் மீனும் பெற்ற நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே ஆறு வாரமே கழிந்திருந்தது.

பழங்கதையைக் கிளறி யாரையும் தூற்றுவது நம் நோக்கமன்று. அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பசித்திருந்தவரை அவர்கள் நல்ல விருந்தினர். பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை நீங்கிய கணத்தில் உரிமையாளரின் தோரணை வந்துவிட்டது. இன்று கையில் பீரங்கி இல்லை, பணம் இருக்கிறது. தேவை இல்லாத விருந்தினர் என்னும் அந்த ஆபத்தான நிலையை முதல் நாளிலேயே அது நமக்குத் தந்துவிடுகிறது.

ஒரு தீவின் நோய்

பிலிப்பைன்ஸின் அக்லான் மாநிலத்தில் பொராக்காய் என்றொரு தீவு உண்டு. பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். ஒருபுறம் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு மாவைப் போன்ற வெண்மணல். 2017-ஆம் ஆண்டில் இருபது இலட்சம் பயணிகள் அச்சிறு தீவுக்கு வந்தனர். அவ்வளவு பேரின் குளியல் நீரும் கழிவு நீரும் எங்கே சென்றன? உரிய வடிகால் இணைப்பும் சுத்திகரிப்பும் இல்லாத விடுதிகளிலிருந்து அவை கடலில் கலந்தன. கரையிலிருந்து விலகியிருக்க வேண்டிய கட்டடங்கள் கரைமீதே எழுந்தன; ஈரநிலங்கள் மேடாக்கப்பட்டன. 2018-இல் அந்நாட்டின் அப்போதைய குடியரசுத் தலைவர் துத்தெர்த்தே அத்தீவைச் சாக்கடைக் குழி என வெளிப்படையாகச் சாடினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 முதல் அக்டோபர் 26 வரை ஆறு மாதங்கள் தீவு பயணிகளுக்கு மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் அங்கே இருத்தலாகாது என வரையறுக்கப்பட்டது.

அவ்வாறு மாதங்களில் பயணிகள் வேறு கடற்கரைகளுக்குச் சென்றனர். படகோட்டியும் சமையற்காரரும் அறை துப்புரவு செய்யும் பெண்ணும் எங்கே செல்வர்? பல்லாயிரம் தொழிலாளரின் அடுப்பு அவ்வாறு மாதம் தடுமாறியது. கடலைக் கெடுத்ததில் அவர்கள் பங்கு மிகச் சிறிது. விதிகளை மீறிக் கட்டியோர் உண்டு. கண்டும் காணாதிருந்த அலுவலர் உண்டு. அவர்களே முதற் குற்றவாளிகள். ஆயினும் அந்த நீரில் குளித்து மகிழ்ந்து, குறைந்த வாடகையைக் கண்டு களித்து, ஒருமுறையேனும் ‘இங்கே கழிவு எங்கே போகிறது?’ என்று கேளாமல் திரும்பிய இருபது இலட்சம் விருந்தினரும் இருந்தனர். அவர்களை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை. மனச்சான்று அழைத்திருக்கலாம்.

கடலின் நோய் குறித்து அந்நாட்டு ஆயர்கள் வெகு முன்னரே பேசினர். 1988-ஆம் ஆண்டு சனவரியில் தங்கள் அழகிய நாட்டுக்கு என்ன நேர்கிறது என்னும் கவலையோடு ஆயர் பேரவை ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டது. பவளப்பாறைகளின் அழிவைக் குறித்து அதில் ஒலித்த வேதனையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் எடுத்தாண்டார். ஒரு நாட்டின் ஆயர்களுடைய கண்ணீர் உலகத் திருச்சபையின் போதனையில் இடம்பெற்றது. அந்தக் கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காணச் செல்லும் கத்தோலிக்கருக்கு இது வெறும் செய்தி ஆகாது.

பொராக்காயில் இன்னொரு நோயும் உண்டு. அது மணலுக்கு அடியில் உள்ளது. அத்தீவின் தொல்குடியினர் அத்தி எனப்படுவோர். கறுத்த மேனியும் சுருண்ட கூந்தலும் உடையவர். விடுதிகள் எழ எழ அவர்கள் கரையிலிருந்து ஒதுக்கப்பட்டனர். தொல்குடியினரின் உரிமைகளை ஏற்கும் சட்டம் அந்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்டது. அதன்படி பொராக்காய் அத்தி மக்களுக்கு 2011-இல் நில உரிமைப் பத்திரம் கிடைத்தது. எவ்வளவு நிலம்? ஆயிரம் ஹெக்டேர் கொண்ட தீவில் 2.1 ஹெக்டேர்! அதற்கும் உரிமை கோரி வேறு சிலர் நின்றனர். 2013 பிப்ரவரியில் அம்மக்களுக்காகப் பேசிவந்த இளந்தலைவர் ஒருவர் இரவில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறரன்புப் புதல்வியர் சபை அருட்சகோதரிகள் அம்மக்களுக்குத் துணையாய் உழைத்துவந்தனர் என்பது நமக்குச் சிறிது ஆறுதல்.

அதே மாநிலத்தின் தலைநகர் காலிபோ. பொராக்காய் செல்லும் பயணிகள் பலர் அங்குள்ள விமான நிலையத்தில்தான் இறங்குகின்றனர். அங்கே ஆண்டுதோறும் சனவரியில் குழந்தை இயேசுவின் திருவிழா ஆடலும் பறைமுழக்கமுமாய்க் கொண்டாடப்படும். அதன் பெயரே ‘அத்தி-அத்திகான்’. அத்தி மக்களைப் போல் ஆதல் என்பது பொருள். மக்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு தெருக்களில் ஆடுவர். வெளிநாட்டுப் பயணிகளும் பூசிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வர். கரியைக் கழுவிக்கொண்டு அவர்கள் விடுதிக்குத் திரும்புவர். கழுவ முடியாத அந்நிறத்தோடு பிறந்தவர்கள் இரண்டு ஹெக்டேருக்குள் இருக்கின்றனர். இந்த முரணைக் காணாமலே ஒருவர் அத்தீவுக்குச் சென்று, மனநிறைவோடு திரும்ப முடியும். விடுமுறைத் தலங்கள் அவ்வாறே அமைக்கப்படுகின்றன. சன்னல் கடலை நோக்கியிருக்கும். பணியாளரின் குடியிருப்பு சுவருக்குப் பின்னால் இருக்கும். நாம் செய்யும் தீமையைக் காட்டிலும், காணாதிருக்குமாறு நமக்காகச் செய்யப்படும் ஏற்பாட்டுக்கு நாம் உடன்படுவதே முதற் குறை.

‘பணம் கொடுத்தோமே!’

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பயணிகள் செல்லாவிட்டால் அம்மக்கள் எதைக் கொண்டு வாழ்வர்? 2018-இன் ஆறு மாதங்களே அதற்குச் சாட்சி அல்லவா? ஆம், இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. நம் பயணத்தால் ஒரு வீட்டில் உலை கொதிக்கிறது. ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்கிறது. எனவே வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்பது நம் முடிவன்று. திருச்சபையும் அவ்வாறு கூறியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, ஓய்வும் பயணமும் மனிதரைப் பண்படுத்தி ஒருவரையொருவர் அறியச் செய்வன என்று மதித்தது. 1969-இலும் 2001-இலும் சுற்றுலா மேய்ப்புப்பணிக்கெனத் தனி வழிகாட்டிகளையே திருச்சபை வெளியிட்டுள்ளது.

ஆனால் நாம் கொடுத்த பணம் எதற்கான விலை என்பதை நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். அறைக்கும் உணவுக்கும் படகுக்கும் கொடுத்தோம். அது கூலி, நீதியின்பாற்பட்டது, ஈகை ஆகாது. ‘நம்மால்தானே இவர்கள் பிழைக்கிறார்கள்’ என்று எண்ணத் தொடங்கும்போதே நாம் நம் கடனை அவர்களது கடனாக மாற்றி எழுதிவிடுகிறோம். அப்பணம் கடலுக்குக் கொடுக்கப்படவில்லை. அடுத்த தலைமுறை குடிக்கவேண்டிய நிலத்தடி நீருக்கும் கொடுக்கப்படவில்லை. புன்னகைக்கும் பணிவுக்கும் விலை உண்டென நாம் எண்ணினால், அப்புன்னகை வாடும் நாளில் புகார் எழுதவும் துணிவோம். கடற்கரையில் முத்துமாலை விற்கும் பெண்ணிடம் ஐம்பது பேசோவுக்காக அரை நாழிகை பேரம் பேசிவிட்டு, மாலையில் அதைப் போல் பத்து மடங்கைக் குளிர்பானத்துக்குச் செலவிடுகிறோம். பேரத்தில் வென்றதை ஊரில் வந்து பெருமையாகவும் சொல்கிறோம். யாரை வென்றோம்?

‘பணம் கொடுத்தோம்’ என்னும் வாதம் தன் எல்லை வரை சென்றால் எங்கே முடியும் என்பதற்கும் அந்நாட்டில் கசப்பான சான்று உண்டு. அருவிக்குப் பேர்போன பக்சாஞ்சான் என்னும் ஊர் 1980-களில், சிறுவரைச் சீரழிக்க வந்த வெளிநாட்டுப் பயணிகளால் இழிபெயர் பெற்றது. ஆசியச் சுற்றுலாவில் நடக்கும் இக்கொடுமைக்கு முடிவு கட்ட 1990-இல் தாய்லாந்தில் ஓர் இயக்கம் பிறந்தது. அதன் தோற்றத்தில் கிறிஸ்தவர்களின் பங்கு பெரிது. சிறுவரைக் காக்கப் பிலிப்பைன்ஸ் 1992-இல் தனிச்சட்டம் இயற்றியது. தங்கள் குடிமக்கள் வெளிநாட்டில் இழைக்கும் இக்குற்றத்தைத் தங்கள் நீதிமன்றத்திலேயே விசாரிக்கும் சட்டங்களைப் பல நாடுகள் கொண்டுவந்தன. நம் வாசகர் எவருக்கும் இக்குற்றம் தொலைவானது, அறிவோம். ஆயினும் அதன் வேர் நமக்குத் தொலைவானதன்று. இங்கே நம்மை அறிந்தவர் எவருமில்லை, பணமும் கொடுத்துவிட்டோம், ஆகவே கேள்வி கேட்பார் இல்லை என்னும் எண்ணமே அவ்வேர். ஊரில் உரக்கப் பேசாதவர் அங்கே பணியாளரை அதட்டுகிறார். ஊரில் மதுவைத் தொடாதவர் அங்கே தள்ளாடுகிறார். விடுமுறை பணியிலிருந்துதான், கட்டளைகளிலிருந்து விடுமுறை கிடையாது.

ஓய்வு யாருக்கு?

ஓய்வே கட்டளையாகத் தரப்பட்டிருப்பது நம் மறையின் சிறப்பு. ஓய்வுநாளைக் குறித்த கட்டளையை விடுதலைப் பயண நூலிலும் இணைச்சட்ட நூலிலும் ஊன்றிப் படித்தால் வியப்பு மேலிடும். வீட்டுத் தலைவர் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடவில்லை. மகன், மகள், பணியாளன், பணிப்பெண், கால்நடை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியர் வரை அது ஒவ்வொருவராய் எண்ணிச் சொல்கிறது. எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொள் என்று காரணமும் காட்டுகிறது. ஒருவரது ஓய்வு மற்றொருவரது ஓய்வைத் தின்று வளரலாகாது என்பதே அதன் உட்பொருள்.

நம் விடுமுறையை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். நள்ளிரவில் தேநீர் கேட்கிறோம். அதைக் கொண்டுவருபவர் காலை முதல் நிற்பவராக இருக்கலாம். ஒரே நாளில் நான்கு துவாலைகளை மாற்றச் சொல்கிறோம். அவற்றைத் துவைக்க நீர் வேண்டும், கைகளும் வேண்டும். கிறிஸ்து பிறப்புக் காலம் சுற்றுலாவின் உச்சம். அந்நாட்டு மக்களுக்கோ டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள் விடியுமுன் திருப்பலி. ‘சிம்பாங் காபி’ என்பர். வயல் வேலைக்குச் செல்வோர் முன்னதாகவே வழிபட வேண்டும் என்பதற்காக அந்நேரத்தில் வைத்த வழக்கம் என்று சொல்வதுண்டு. இன்று விடுதி வேலைக்குச் செல்வோரும் அந்த இருளில் எழுந்து கோயிலுக்குச் செல்கின்றனர். கத்தோலிக்கப் பயணி ஒருவர் ஒரு நாளேனும் கண்விழித்து அத்திருப்பலிக்குச் சென்றால், தம் அறையைத் துடைக்கும் பெண்ணுக்கு அருகில் முழந்தாளிட நேரலாம். அங்கே இருவருக்கும் ஒரே அப்பம். இருவருமே ஒரே வீட்டின் விருந்தினர். பணத்தால் கட்டிய எந்த விடுதியும் தர முடியாத உறவு அது.

நற்செய்தியின் விருந்தினர்

வள்ளுவர் சொல்லாமல் விட்டதை நற்செய்தி சொல்கிறது. நம் ஆண்டவர் தலைசாய்க்க இடமின்றி வாழ்ந்தவர். ஆதலால் வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டு விருந்தினர். சீடர் எழுபத்திருவரை அனுப்பும்போது (லூக்கா, 10-ஆம் அதிகாரம்) அவர் கூறிய அறிவுரைகள் விருந்தினர் அறத்தின் சுருக்கம் எனலாம். பணப்பை எடுத்துச் செல்லவேண்டாம் என்கிறார். தேவையுள்ளவராய்ச் செல்லுங்கள் என்பது கருத்து. எந்த வீட்டில் நுழைந்தாலும் எதையும் கேட்குமுன் அமைதியை வாழ்த்தச் சொல்கிறார். வசதி தேடி வீடு வீடாய் மாறுவதைத் தடுக்கிறார். வைப்பதை உண்ணச் சொல்கிறார். அங்குள்ள நோயாளரைக் குணமாக்கச் சொல்கிறார். வந்த இடம் நம் வருகைக்குப்பின் சற்றேனும் நலமாயிருக்க வேண்டும் என்பது இதில் அடங்கும்.

பணப்பை இன்றி விமானம் ஏற முடியாது, மெய்தான். ஆனால் பணம் எட்டாத இடங்களில் தேவையுள்ளவராய் இருக்க நம்மால் இயலும். மொழி தெரியாதவராய் ஒரு சொல்லைக் கற்றுத் தரும்படி கேட்கலாம். நம் ஊர் உணவை அங்கே தேடாமல் அவர்கள் வைக்கும் புளிக்குழம்பைச் சுவைத்துப் பார்க்கலாம். பணி செய்பவரின் பெயரைக் கேட்டறிந்து அப்பெயரால் அழைக்கலாம். கழிவுநீர் எங்கே போகிறது, பணியாளருக்கு வார ஓய்வு உண்டா என்று விடுதியைத் தேர்வுசெய்யும்போதே கேட்கலாம். நூறு பேர் கேட்டால் விடுதிக்காரர் காது கொடுப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்மாதிரி கானாவூர்த் திருமணத்தில் உண்டு. அங்கே இயேசுவும் அவர் தாயும் விருந்தினர். பந்தியில் எத்தனையோ பேர் இருந்தனர். திராட்சை இரசம் குறைந்ததை அன்னை மரியா கவனித்தார். விருந்தினர் வீட்டாரின் குறையைக் காண்பது இரு வகைப்படும். குறை கூறக் காண்பது ஒன்று. குறை தீர்க்கக் காண்பது மற்றொன்று. அன்னை அதைப் பந்தியில் பரப்பவில்லை. வீட்டாரை நாணச் செய்யவும் இல்லை. தம் மகனிடமும் பணியாளரிடமும் மெல்லச் சொன்னார். அன்று நீர் இரசமானது எங்கிருந்து என்பது பந்தித் தலைவருக்குத் தெரியவில்லை. நீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது என யோவான் குறிக்கிறார். பந்தியில் அமர்ந்திருப்போர் அறியாததைப் பணி செய்வோர் அறிவர். அவர்களோடு பேசாத பயணி அந்நாட்டைக் கண்டவர் ஆகார்.

வாசலில் ஒரு குரல்

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மற்றொருவரது வீட்டுக்குச் சென்றால் நேரே உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று, ‘தாவோ போ’ என்று குரல் கொடுப்பார். ‘தாவோ’ என்றால் மனிதர். ‘போ’ என்பது மரியாதை காட்டும் அசை. தமிழில் விரட்டுவதற்கு உரிய சொல் அங்கே பணிவதற்கு உரியதாயிருப்பது ஒரு விந்தை. ‘மனிதர் வந்திருக்கிறேனுங்க’ என்பது அத்தொடரின் கருத்து. தாம் இன்ன பதவியினர், இன்ன செல்வர் என்று அவர் அறிவிப்பதில்லை. மனிதர் என்ற ஒரே தகுதியோடு நின்று அனுமதி கேட்கிறார். உள்ளிருப்பவர், ‘துலோய் போ காயோ’, உள்ளே வாருங்கள், என்கிறார். அதன் பின்னரே படி ஏறுவார்.

விருந்தினர் அறம் முழுவதும் அந்தச் சிறு குரலில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நாம் மனிதர் என்று சொல்லும்போதே எதிரில் இருப்பவரும் மனிதர் என ஏற்கிறோம். வாசலில் நிற்கும்போதே அந்த வீடு நமதன்று என ஒப்புக்கொள்கிறோம். விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது சட்டத்தின் அனுமதி. அந்தக் கரையில் வாழும் மீனவரின், அத்தி மக்களின், அலையின், பவளத்தின் அனுமதியை நாம் இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் மனநிலையோடு நடப்பவரே விலை கொடுத்தும் விருந்தினராய் இருக்க வல்லவர். மற்றவர் விலை கொடுத்து நுழைந்த அந்நியராகவே திரும்புவார்.

திருவெளிப்பாட்டு நூலில் நம் ஆண்டவர் தம்மையே வாசலில் நிற்பவராகக் காட்டுகிறார். வானும் மண்ணும் அவருடையவை. எந்தக் கதவும் அவரைத் தடுக்க இயலாது. ஆயினும் அவர் வெளியே நின்று தட்டுகிறார், குரல் கொடுக்கிறார், திறந்தால் உள்ளே வந்து உடன் உண்பதாக வாக்களிக்கிறார். உரிமை அனைத்தும் உடையவரே இவ்வாறு காத்து நிற்பாராயின், பதினான்கு நாள் தங்கச் செல்லும் நாம் எவ்வளவு மென்மையாக நடந்துகொள்ள வேண்டும்! அடுத்த கோடை விடுமுறைக்குப் பெட்டி அடுக்கும்போது பிள்ளைகளை அருகில் அழைத்து இதனைச் சொல்லிக் கொடுப்போம். போகும் ஊரின் வரைபடத்தோடு அவ்வூர் மக்கள் வணக்கமும் நன்றியும் சொல்லும் சொற்களையும் அவர்களுக்குக் கற்பிப்போம். அதுவே நம் பயணத்தின் முதற் செபமாக அமையட்டும்.